திறவுகோல் யார் கையில்?

மனிதன் கண்ட கருவிகளுள் கதவு விந்தையான ஒன்று. சுவர் தடுப்பதற்கே உரியது. வழி செல்வதற்கே உரியது. கதவு மட்டுமே இரண்டு பணிகளையும் ஏற்று நிற்கிறது. வேண்டியவர்க்கு அது வழியாக வேண்டும். வேண்டாதவர்க்குச் சுவராக வேண்டும். எப்போது வழி, எப்போது சுவர் என்பதைக் கதவு தானே முடிவு செய்வதில்லை. அதன் தாழைத் தன் கையில் வைத்திருப்பவன் முடிவு செய்கிறான். ஆகவே கதவைப் பற்றிய கேள்வி மரத்தோடும் இரும்போடும் முடிந்துவிடுவதன்று. அதிகாரத்தையும் பொறுப்பையும் தொட்டு, முடிவில் அறத்தின் கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

நெய்வேலியில் வாழ்பவர்க்கு வாயிலும் காவலும் புதியன அல்ல. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பண்டித நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த காலம் முதல், இந்நகரியம் வாயில்களோடு வளர்ந்தது. வட்டங்களின் எண்களாலேயே முகவரி சொல்லும் ஊர் இது. சுரங்கங்களுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர் காவல் நிற்கின்றனர். ஷிப்டுக்குச் செல்லும் தந்தை நாள்தோறும் அத்தகைய வாயில் ஒன்றைக் கடக்கிறார். அதே வேளையில் அவருடைய பிள்ளைகள் பள்ளியின் வாயிலையோ கல்லூரியின் வாயிலையோ கடக்கின்றனர். தந்தை கடக்கும் வாயிலில் காக்கப்படுவது எது என்பதில் ஐயமில்லை. கோடிக்கணக்கில் விலை பெறும் எந்திரங்களும், அவற்றால் நாட்டுக்குக் கிடைக்கும் மின்சாரமும் அங்கே காக்கப்படுகின்றன. பிள்ளைகள் கடக்கும் வாயிலில் காக்கப்படுவது எது? இதற்குத் தெளிவான விடை நம்மிடம் இருக்கிறதா?

2024ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தினுள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வெளியிலிருந்து நுழைந்த ஒருவன் அக்கொடுமையைச் செய்தான். 2025ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனையை நீதிமன்றம் அவனுக்கு விதித்தது. நெய்வேலியிலிருந்து பெண்மக்களைச் சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் கோவைக்கும் படிக்க அனுப்பிய பெற்றோர் அந்நாள்களில் உறக்கம் இழந்தனர். மதிலை உயர்த்துக, கேமராக்களைப் பெருக்குக, வாயில்களைப் பூட்டுக என்ற குரல்கள் எழுந்தன. அக்குரல்களில் நியாயம் உண்டு. ஆனால் பூட்டு என்று சொல்லும்போதே கேட்க வேண்டிய ஒன்றை அப்போது எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பூட்டுவது யார்? திறப்பது யார்? திறவுகோல் யார் கையில்?

பூட்ட முடியாத கதவு

வகுப்பறைக் கதவின் வரலாற்றில் ஒரு நாள் மறக்க முடியாதது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் துப்பாக்கியால் 32 பேரைக் கொன்றான். அவர்களுள் 30 பேர் மாண்டது நாரிஸ் மண்டபம் என்னும் ஒரே கட்டடத்தில்.

அங்கு மாண்டவருள் நம் மண்ணைச் சேர்ந்தவர் ஒருவர் உண்டு. கோபிச்செட்டிபாளையத்துக்கு அருகில் உள்ள கரட்டடிப்பாளையத்தில் பிறந்து, கோவையில் பொறியியல் கற்று, கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் பின்னர் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலும் பயின்ற பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் அவர்கள், நீரியலில் வல்லவர். அன்று காலை 206ஆம் அறையில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கொலைஞன் அவ்வறைக்குள் எந்தத் தடையும் இன்றி நுழைந்தான். அதே வகுப்பில் எகிப்து நாட்டிலிருந்து வந்து ஆய்வு செய்துகொண்டிருந்த வலீத் ஷாலான் என்னும் இளைஞரும் உயிர் நீத்தார். அடுத்திருந்த மாணவரைக் காக்க வேண்டிக் கொலைஞனின் கவனத்தை அவர் தம்மேல் திருப்பிக்கொண்டார் என்று உயிர் பிழைத்தவர் கூறினார்.

அடுத்தடுத்த அறைகளில் நிகழ்ந்தவை நம் சிந்தனைக்கு உரியன. 205ஆம் அறையில் இருந்த மாணவர்கள் மேசை ஒன்றைக் கதவில் சாய்த்து, தரையில் படுத்து, கைகளாலும் கால்களாலும் அதனை அழுத்திப் பிடித்தனர். கொலைஞன் கதவின் ஊடாகச் சுட்டான்; ஆயினும் உள்ளே நுழைய முடியவில்லை. அவ்வறையில் ஒருவரும் மாளவில்லை. 204ஆம் அறையில் லிவியு லிப்ரெஸ்கு என்னும் 76 வயதுப் பேராசிரியர், ஐரோப்பாவில் யூதர்மீது நடந்த படுகொலைகளில் சிறுவயதில் தப்பிப் பிழைத்தவர், தம் உடலையே கதவுக்குத் தாழாக்கி நின்றார். மாணவர்கள் சன்னல் வழியே குதித்துத் தப்பும்வரை அவர் கதவை விடவில்லை. கதவின் ஊடாக வந்த குண்டுகளால் உயிர் துறந்தார்.

அந்த வகுப்பறைகளின் கதவுகளை உள்ளிருந்து பூட்ட வழியில்லை. ஒரு சிறு தாழ் செய்ய வேண்டிய வேலையை, ஒரு முதியவரின் உடல் செய்ய வேண்டியதாயிற்று. அவருடைய தியாகத்தைப் போற்றுகிறோம், போற்றவே வேண்டும். ஆயினும் தியாகத்தைப் போற்றுவதோடு நின்றுவிடும் சமுதாயம், அடுத்த தியாகத்துக்கும் இடம் வைத்துவிடுகிறது. வீரம் தேவைப்படாத அளவுக்கு ஏற்பாடு செய்து வைப்பதே நிருவாகத்தின் கடமை. இரும்புத் துண்டு ஒன்றின் விலைக்கு ஓர் உயிரைக் கேட்கும் நிலையை நாம் அறமென ஏற்க இயலாது.

திறக்க முடியாத கதவு

இவ்வளவையும் படித்தவுடன், எல்லாக் கதவுகளுக்கும் பெரும் பூட்டுகளாக வாங்கி மாட்டிவிடுவோம் என்று ஒருவர் எழுந்தால், அவரைச் சற்றே அமரச் செய்ய வேண்டும். கதவின் மறு பக்கத்தையும் அவர் பார்க்க வேண்டும்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். அவர்களைச் சங்கிலியில் பிணைத்தவர்கள், பாதுகாப்புக்காகவே பிணைத்தோம் என்று நம்பியிருந்தனர்.

2002ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், புனித மக்கா நகரில் பெண்கள் பள்ளி ஒன்றில் தீப்பிடித்து 15 மாணவியர் மாண்டனர். வாயில் பூட்டிக் கிடந்ததென்றும், உரிய மேலுடை அணியாமல் ஓடி வந்த மாணவியரை வெளியேறவிடாமல் தடுத்தனர் என்றும் அந்நாட்டு நாளேடுகளே எழுதின. தடுத்ததனால் மரணம் நேரவில்லை என்று அரசு விசாரணை கூறிற்று. எனினும் நாடே அதிர்ந்தது. பெண்கல்வியின் நிருவாகம் அதுவரை இருந்த துறையிடமிருந்து எடுக்கப்பட்டுக் கல்வி அமைச்சகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மானத்தைக் காக்கவென்று பூட்டிய கதவு உயிரைக் காக்கத் திறக்கப்பட வேண்டிய நேரம் வரும் என்பதை, பூட்டியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணம் காசிராமன் தெருவில் நிகழ்ந்ததைத் தமிழ்நாட்டில் எவரும் மறக்கவில்லை. சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகிய படிக்கட்டு ஒன்றே வழி. 94 குழந்தைகள் கருகினர். அதன் விளைவாக எழுந்த வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வியுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் தீர்ப்பளித்தது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் 1883ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் நடந்த துயரம் ஒன்று உண்டு. விக்டோரியா மண்டபத்தில் வேடிக்கை காட்சி காண வந்த சிறுவர்கள், முடிவில் பரிசு தருவதாகச் சொன்னதைக் கேட்டு மாடியிலிருந்து படிவழியே ஓடி வந்தனர். கீழே இருந்த கதவு உட்புறமாகத் திறப்பது. ஒருவர் மட்டும் நுழையும் இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. பின்னே வந்தவர் நெருக்க, முன்னே நின்றவர் நசுங்க, 183 குழந்தைகள் மூச்சுத் திணறி மாண்டனர். தீயும் இல்லை, பகைவனும் இல்லை. ஒரு கதவும் ஒரு தாழுமே அத்தனை பேரையும் கொன்றன. அதன் பின்னரே, உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும் குறுக்குத் தண்டு கதவுகளுக்கு வந்தது. ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் 1892இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று திரையரங்குகளிலும் விமான நிலையங்களிலும் நாம் காணும் தள்ளுதண்டுக் கதவு, அக்குழந்தைகள் நமக்கு விட்டுச் சென்றது.

ஒரே கட்டடத்தில் இரு கேடும்

பூட்ட முடியாத கதவும் கொல்கிறது. திறக்க முடியாத கதவும் கொல்கிறது. அப்படியானால் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

நாரிஸ் மண்டபத்தையே மீண்டும் பார்ப்போம். அங்கு வகுப்பறைக் கதவுகளுக்குத் தாழ் இல்லை என்று கண்டோம். ஆனால் அக்கட்டடத்தின் முதன்மை வாயில்கள் மூன்றும் சங்கிலியால் இறுகப் பூட்டப்பட்டிருந்தன. பூட்டியவன் கொலைஞன். உள்ளிருப்போர் வெளியேறாமலும் காவலர் உள்ளே நுழையாமலும் இருக்க அவனே அவற்றைப் பூட்டினான். காவலர்கள் வேறொரு வாயிலின் பூட்டைச் சுட்டு உடைத்தே உள்ளே புக முடிந்தது. பூட்ட வேண்டியவர்களால் பூட்ட முடியவில்லை; பூட்டக் கூடாதவன் பூட்டிவிட்டான். இரண்டு கேடுகளும் ஒரே காலையில், ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன.

இதிலிருந்து பெறும் தெளிவு யாதெனில், பூட்டு நல்லதா தீயதா என்ற வாதமே பொருளற்றது. உள்ளே இருப்பவன், தன் கையால், வெளியிலுள்ள எவருடைய தயவும் இன்றிக் கதவைச் சாத்திக்கொள்ளவும் வேண்டும். அதே கையால் ஒரே அசைவில் திறந்து வெளியேறவும் வேண்டும். இந்த இரண்டு உரிமையும் உள்ளிருப்பவனுக்கு இருக்கும் கதவே அறவழிப்பட்ட கதவு. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது பொறியாகிவிடும். ஒன்று வேட்டைக்காரனுக்குத் திறந்த பொறி, மற்றொன்று இரைக்கு மூடிய பொறி.

இந்தச் சமநிலை நமக்குப் புதிய செய்தியன்று. இரவில் உறங்கும் முன் கதவுகளைச் சாத்திவிடுமாறு பணித்த பெருமானார் (ஸல்) அவர்கள், அதே கட்டளையில் விளக்குகளையும் அணைத்துவிடுமாறு பணித்துள்ளார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்பது அதற்குக் கூறிய காரணம். சாத்திய கதவுக்குள் தீயும் இருக்கக் கூடாது என்பது எத்துணை நுட்பமான எச்சரிக்கை! வெளிப்பகையைத் தடுக்கும் ஏற்பாட்டைச் செய்பவன், அந்த ஏற்பாட்டினாலேயே விளையக்கூடிய உட்பகையையும் உடன் நினைக்க வேண்டும் என்ற நெறி அதில் அடங்கியுள்ளது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படை என்ற அறிவுரையை அடிக்கடி எடுத்துரைக்கும் நாம், கட்டும் கயிறு ஒட்டகத்தின் கழுத்தை இறுக்கிவிடாமலும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

பொருளைக் காக்கப் பிறந்த பூட்டு

இனி நம் ஊர் வகுப்பறைக் கதவு ஒன்றை உற்று நோக்குவோம். பள்ளியாயினும் கல்லூரியாயினும் பெரும்பாலும் காட்சி ஒன்றே. உட்புறம் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். அதன் திருகாணி கழன்றிருக்கும், அல்லது நிலையில் அது நுழைய வேண்டிய துளை தூர்ந்திருக்கும். வெளிப்புறம் ஒரு கொண்டி இருக்கும். அது மட்டும் உறுதியாக இருக்கும். அதில் மாலையானதும் ஒரு பூட்டுத் தொங்கும். காரணம் வெளிப்படை. அந்தக் கொண்டி காப்பது மின்விசிறியையும் பெஞ்சையும். உள்ளே தாழிட வேண்டிய மாணவனைப் பற்றி அந்தக் கதவைச் செய்தவர் நினைக்கவில்லை. மாணவர் அனைவரும் வீட்டுக்குச் சென்ற பின் எஞ்சும் பொருள்களைப் பற்றியே நினைத்தார். பொருளைக் காக்கப் பிறந்த பூட்டை மனிதரைக் காக்கும் பூட்டென்று நாம் மயங்கிக்கொண்டிருக்கிறோம்.

வெளிக்கொண்டியின் ஆபத்து இன்னொன்று. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து எவனும் அதை இழுத்து மாட்டிவிடலாம். விளையாட்டாக மாட்டும் தோழன் கையிலும் அது இருக்கிறது. வினையாக மாட்டும் பகைவன் கையிலும் அது இருக்கிறது. அறையில் ஐம்பது பேர் இருப்பர். கதவு ஒன்றே இருக்கும். அதுவும் உட்புறமாகத் திறப்பதாகவே இருக்கும். புகை சூழ்ந்த நேரத்தில் ஐம்பது பேரும் கதவை நோக்கி நெருக்கினால் அந்தக் கதவை எவர் இழுத்துத் திறப்பது? சண்டர்லாந்தில் 1883இல் கற்ற பாடம் நம் கதவுகளை இன்னும் வந்தடையவில்லை. வெளியேறும் வழிக் கதவுகளைத் திறவுகோல் இன்றி உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும் என்பது இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்வதே. சட்டம் ஏட்டில் இருக்கிறது. கொண்டி கதவில் இருக்கிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனையும் நேர்மையோடு நோக்க வேண்டும். உள்ளிருந்து பூட்டும் வசதி, தீயவன் ஒருவன் ஒரு மாணவியையோ மாணவனையோ அறைக்குள் வைத்துத் தாழிட்டுக்கொள்ளவும் உதவாதா? உதவும். அச்சம் கற்பனையன்று, கல்விக்கூடங்களில் நேரும் கொடுமைகள் பல வெளியிலிருந்து வந்தவனால் அல்ல, உள்ளே நம்பிக்கைக்கு உரியவனாக நடமாடியவனாலேயே நேர்கின்றன. ஆகவே உட்தாழுக்கு இரண்டு துணைகள் வேண்டும். கதவில் உள்ளே நடப்பது தெரியும்படி சிறிய கண்ணாடி ஒன்று வேண்டும். வெளியிலிருந்து திறக்கக் கூடிய திறவுகோல் ஒன்று பொறுப்பானவர் கையில், அதுவும் அருகிலேயே இருக்க வேண்டும். இங்கேதான் நம் கேள்வி தன் முழு உருவத்தையும் காட்டுகிறது. அந்தத் திறவுகோல் யார் கையில்?

அமானிதம்

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 630இல், மக்கா வெற்றி கொள்ளப்பட்ட நாளில், கஅபாவின் திறவுகோல் உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து பெறப்பட்டது. வெற்றி பெற்றவர் தம் குடும்பத்தாரிடமே அதை ஒப்படைத்திருக்கலாம், அக்கோரிக்கையும் எழுந்தது. ஆனால் அத்திறவுகோல் உஸ்மான் (ரலி) அவர்களிடமே திருப்பித் தரப்பட்டது. அமானிதங்களை அவற்றுக்கு உரியவரிடம் ஒப்படைக்கப் பணிக்கும் திருமறை வசனத்தை இந்நிகழ்ச்சியோடு இணைத்தே விரிவுரையாளர் பலர் விளக்குவர். இன்றளவும் அத்திறவுகோல் அதே ஷைபா குலத்தாரிடம் இருந்து வருகிறது. திறவுகோல் என்பது அதிகாரத்தின் அணிகலன் என்றே உலகம் கருதியிருந்த காலத்தில், அதை அமானிதம் எனக் காட்டிய நிகழ்ச்சி இது. அமானிதமாகப் பெற்றவன் அதை இடுப்பில் தொங்கவிட்டுப் பெருமை கொள்ள முடியாது. வேண்டிய நேரத்தில் அதைக் கொண்டு திறக்க அவன் கடன்பட்டவன்.

அமானிதம் இல்லாத இடத்தில் பூட்டும் திறவுகோலும் காவலும் என்ன ஆகும் என்பதற்கு 2022ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் ஒரு கொடிய சான்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து உவால்டி நகரப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். வந்து குவிந்த காவலர்கள் 376 பேர். கொலைஞனை எதிர்கொள்ள அவர்களுக்கு 77 நிமிடங்கள் ஆயின. வகுப்பறைக் கதவு பூட்டியிருக்கிறது என்று எண்ணி, திறவுகோலைத் தேடிக் காலம் கழித்தனர். மாநிலச் சட்டமன்றக் குழு ஆராய்ந்து கண்ட உண்மை இன்னும் கசப்பானது. அந்தக் கதவின் பூட்டுப் பழுதானது. பழுது முன்பே அறியப்பட்டும் சீர்செய்யப்படவில்லை. கதவு பெரும்பாலும் பூட்டப்படாமலே இருந்திருக்கிறது. கைப்பிடியை ஒருமுறை திருகிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே பாதுகாப்பைக் கடையில் வாங்கி வந்துவிட முடியாது. திண்டுக்கல்லில் செய்த உறுதியான பூட்டையே வாங்கி மாட்டினாலும், திங்கள்தோறும் அதைத் திறந்து மூடிப் பார்க்கும் ஒருவர் வேண்டும். கழன்ற திருகாணியைக் கண்ட மாணவன் சொல்ல வேண்டும்; சொன்னதைக் கேட்டவர் அன்றே செய்ய வேண்டும். அமானிதம் பெரும்பாலும் இத்தகைய சிறு செயல்களிலேயே நிறைவேறுகிறது, அல்லது தவறிப்போகிறது.

காவலும் கூண்டும்

கதவைக் காக்க ஆளை நிறுத்திவிட்டால் போதாதா என்பர் சிலர். நெய்வேலிக்கு இதில் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டு மார்ச் திங்களில், இரண்டாம் சுரங்கத்தின் வாயிலில் உள்ளே செல்ல முயன்ற ஓர் ஒப்பந்தத் தொழிலாளர், வாக்குவாதம் முற்றிய நிலையில், காவலில் இருந்த தொழிற் பாதுகாப்புப் படை வீரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கொள்ளையனும் அல்லர், பகைவனும் அல்லர். அதே நிறுவனத்துக்கு உழைத்தவர். ஆயுதம் தாங்கிய காவல், தான் காக்கும் மக்களையே ஐயத்தோடு நோக்கத் தொடங்கும்போது, வாயிலே ஆபத்தான இடமாகிவிடுகிறது. தொழிற்சாலையின் காவல் முறையைக் கல்விக்கூடத்துக்கு அப்படியே கொண்டு வருவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காக்கப்படுபவரையே குற்றவாளியாகப் பார்க்கும் போக்குக்குப் பெண்கள் விடுதி மற்றோர் எடுத்துக்காட்டு. மாணவன் நூலகத்தில் இரவு வரை படிக்கலாம்; மாணவி பொழுது சாய்ந்ததும் விடுதிக்குள் அடைய வேண்டும், வெளியே பூட்டிவிடுவர். 2015இல் டெல்லி மாணவியர் 'கூண்டை உடை' என்ற பெயரில் இதனை எதிர்த்து எழுந்தனர். பூட்டே வேண்டாம் என்று அவர்கள் கூறியதாகக் கருதுவது தவறு. குற்றம் செய்யக் கூடியவன் வெளியே உலவ, குற்றத்துக்கு ஆளாகக் கூடியவளை உள்ளே பூட்டுவது எந்த நியாயம் என்றே கேட்டனர். அதற்குத் தக்க விடை இதுவரை எவரும் கூறவில்லை. உள்ளிருப்பவர் கையில் இல்லாத திறவுகோல், எவ்வளவு அன்போடு திருப்பப்பட்டாலும் சிறையின் திறவுகோலே.

சுரங்கம் கற்பிக்கும் பாடம்

இவ்வளவும் கதவைப் பற்றிய பேச்சு. ஆனால் கதவு கடைசிக் காவல். ஆபத்து கதவு வரை வந்த பின்னரே அதற்கு வேலை. ஆபத்து அங்கு வரை வாராமல் காப்பது எங்ஙனம்? இதற்கு விடை நெய்வேலி மண்ணுக்கு அடியிலேயே இருக்கிறது.

இங்குள்ள பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழே, மேல்நோக்கிப் பேரழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீர் உண்டு. மேலே உள்ள மண்ணை அகற்றியதும், அந்த அழுத்தம் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வரக்கூடும். தொடக்க காலத்தில் இந்தச் சுரங்கம் சாத்தியமா என்ற ஐயமே இந்த நீரால்தான் எழுந்தது. பொறியியலாளர்கள் என்ன செய்தனர்? அந்நீரை அடைக்க முயலவில்லை, அடைக்கவும் முடியாது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இட்டு, இரவும் பகலும் ஓயாமல் நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைத்தனர். இன்றும் இறைத்துக்கொண்டே இருக்கின்றனர். இறைப்பு நின்றால் எந்தத் தடுப்பும் அச்சுரங்கத்தைக் காக்காது. வெளியே வந்த நீரோ வயல்களுக்குப் பாய்கிறது.

வர்ஜீனியாவின் கொலைஞன் ஒரே நாளில் கொலைஞனாகிவிடவில்லை. 2005ஆம் ஆண்டிலேயே அவனுடைய மனநிலை குறித்து ஆசிரியர் எச்சரித்தனர். நீதிமன்றம் சிகிச்சை பெறுமாறு ஆணையிட்டது. ஆணை ஏட்டோடு நின்றது. அழுத்தம் அடியில் ஏறிக்கொண்டே இருந்தது, இறைப்பார் இல்லை. நம் நாட்டு வளாகங்களில் துப்பாக்கி அரிது. ஆனால் அழுத்தம் அரிதன்று. தேர்வில் தோற்ற மாணவன், சாதியின் பெயரால் இழிவு பெற்ற மாணவன், விடுதியில் மூத்தோரின் பகடிவதைக்கு ஆளானவன், வீட்டுக்குச் சொல்ல முடியாத துன்பத்தைத் தாங்கும் மாணவி, இவர்களுள் பலர் தம் அறையைத் தாமே உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டு உயிரை மாய்த்துக்கொள்கின்றனர். அந்தத் தாழை எந்தக் காவலரும் வெளியிலிருந்து கண்டுகொள்ள முடியாது. அதைத் திறக்கும் திறவுகோல் இரும்பால் செய்யப்படுவதில்லை. "என்னப்பா, முகம் வாடியிருக்கிறதே" என்று கேட்கும் ஓர் ஆசிரியரின் சொல்லே அது.

பிறர் வீடுகளில் நுழையும் முன் ஸலாம் கூறி, அனுமதி பெற்று நுழையுமாறு அருள்மறையின் 24ஆம் அத்தியாயம் கற்பிக்கிறது. ஸலாம் என்பதன் பொருளே அமைதி, பாதுகாப்பு. வருபவன் தன்னால் உள்ளிருப்பவனுக்குத் தீங்கு இல்லை என்று உறுதி கூறிவிட்டே நுழைய வேண்டும். உள்ளிருப்பவன் வேண்டாம் என்றால் திரும்பிச் செல்ல வேண்டும். கதவின் மீதான உரிமை உள்ளிருப்பவனுடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனவே கல்வி நிறுவனங்களை நடத்துவோர்க்கும், பெற்றோர் சங்கங்களில் இருப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் மதிலையும் கேமராவையும் பற்றிப் பேசும் முன், எழுந்து சென்று ஒரு வகுப்பறைக்குள் நில்லுங்கள். கதவைச் சாத்திப் பாருங்கள், தாழ் விழுகிறதா? திறந்து பாருங்கள், அந்த வகுப்பின் மிகச் சிறிய பிள்ளை இருட்டில் தடவியும் அதைத் திறக்க முடியுமா? வெளிக்கொண்டியை எவனோ மாட்டிவிட்டால் வெளியேற வேறு வழி உண்டா? வெளியிலிருந்து திறக்கும் திறவுகோலை வைத்திருப்பவர் இப்போது எங்கே இருக்கிறார்? இந்த நான்கு வினாக்களுக்கும் செலவு மிகுதியாகாது. ஒரு தச்சரின் இரண்டு நாள் கூலியும் ஒருவருடைய பொறுப்புணர்ச்சியும் போதும். எந்திரங்களைக் காக்க நாம் எத்தனையோ செய்திருக்கிறோம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றியே மறுமையில் நாம் வினவப்படுவோம்.